புகைக்குழாய் பெற்றுத் தந்த உரிமை: மின்சாரக் காரும் பழுதுபார்ப்பும்



மதிப்பீட்டுத் தாள்களும் பள்ளி விளையாட்டுப் போட்டி வேலைகளும் ஒன்றுசேர்ந்து கொண்டதால், சில வாரங்களாக இந்த வலைப்பூவின் பக்கம் வர இயலவில்லை. பொறுத்தருள்க. இம்முறை இலக்கணமும் இல்லை. பாடத்துணைப் பொருளும் இல்லை. சென்ற பள்ளி விடுமுறையில் கண்ட ஒரு காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. அதன் வேரைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல் நீளும் ஒரு வரலாறு கிடைத்தது. அதைப் பெற்றோரோடும் சக ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என்னிடம் நான்காம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன், பேராக் மாநிலத்துச் சிறு பட்டணம் ஒன்றில் கார் பட்டறை வைத்திருக்கிறான். படிப்பில் பின்தங்கியவன் என்று ஆசிரியர் அறையில் பேசப்பட்டவன். தொழிற்கல்லூரியில் சேர்ந்து, பிறகு ஒரு சீனத் தவுக்கேயிடம் ஆறு ஆண்டுகள் வேலை பழகி, இன்று தானே இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். என் காருக்கு எண்ணெய் மாற்றுவதற்காக அங்குச் சென்றிருந்தேன்.

பட்டறையின் ஓரத்தில் மின்சாரக் கார் ஒன்று நின்றிருந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தம் சேமநிதிப் பணத்தில் பழைய காராக வாங்கியது அது. எங்கோ இலேசாக மோதியதில் முன்பக்கத்துப் பாகம் ஒன்று உடைந்துவிட்டது. அதே பாகத்தைத் தேடி வாங்கி மாற்றியும் விட்டான். ஆனால் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, காரும் நகரவில்லை.

“சாமான மாத்திட்டேன் டீச்சர். கார்தான் அத ஏத்துக்க மாட்டேங்குது. கம்பெனி கம்ப்யூட்டர் சரின்னு சொன்னாத்தான் ஓடுமாம்” என்றான்.

அந்நிறுவனத்தின் சேவை மையம் கோலாலம்பூரில் இருக்கிறது. இழுவை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருந்த அந்த அம்மையார் மெல்லக் கேட்டார்: “காசு முழுசும் கட்டியாச்சே தம்பி, இன்னும் யார்கிட்ட அனுமதி கேக்கணும்?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடலாமா என்று நம் முன்னோர் கேட்டதுண்டு. யானை கைமாறினால் அதை அடக்கும் அங்குசமும் உடன் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கண்ட நீதி. காருக்கு அந்த நீதி எப்போது, எப்படிக் கிடைத்தது? மின்சாரக் கார் வந்தவுடன் ஏன் கைநழுவத் தொடங்கியது? இவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

நீதிமன்றம் ஏறிய கத்தியும் துணிக்கூரையும்

வாங்கிய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய முக்கியமான பழைய வழக்கொன்று, கார் பிறப்பதற்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆண்டு 1850. வழக்குக்குக் காரணம், மரப்பலகையை இழைக்கும் இயந்திரம். இயந்திரமோ பல ஆண்டுகள் உழைக்கும். அதன் வெட்டுக் கத்திகளோ அறுபது, தொண்ணூறு நாள்களில் தேய்ந்துவிடும். காப்புரிமை பெற்றவரிடம் கேட்காமல் கத்தியை மாற்றிக்கொள்ளலாமா என்பது வழக்கு. மாற்றிக்கொள்ளலாம், அது பழுதுபார்ப்பே. புதிய இயந்திரத்தை உருவாக்குவதாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே நீதிமன்றத்துக்கு 1961 இல் காரின் துணிக்கூரை வந்தது. மடக்கித் திறக்கும் கூரையுடைய கார்களில், துணி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நைந்துபோகும். சட்டங்களும் பிற பாகங்களும் நன்றாகவே இருக்கும். துணியை மட்டும் தைத்து விற்ற ஆரோ என்ற நிறுவனத்தின் மீது, கூரை அமைப்பின் காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இம்முறையும் நீதிமன்றம் பழுதுபார்ப்பவரின் பக்கமே நின்றது. காப்புரிமை முழு அமைப்புக்கு உரியது. அதில் காப்புரிமை பெறாத ஒரு துண்டை மாற்றுவது உரிமையாளரின் சட்டபூர்வமான உரிமை என்று கூறியது.

கவனியுங்கள்: இரு வழக்குகளிலும் தேய்ந்துபோகும் ஒரு சிறு பாகமே பெரிய உரிமையை நிலைநாட்டியது. அடுத்து வந்த வழக்கில் அந்தச் சிறு பாகம், புகைக்குழாய்.

இங்கிலாந்தின் புகைக்குழாய் வழக்கு

பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் மோரிஸ் மரீனா என்ற காரைத் தயாரித்து விற்றது. அக்காலத்துப் புகைக்குழாய்கள் விரைவில் துருப்பிடித்துவிடும். காரின் ஆயுளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் என்ற நிறுவனம், மூலக் குழாயை அளந்து, அதைப் போலவே செய்து விற்றது. புகைக்குழாயின் வரைபடத்துக்குத் தனக்குப் பதிப்புரிமை உண்டு, ஆகவே பிறர் குழாய் செய்ய வேண்டுமானால் தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று லேலண்ட் வழக்காடியது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன.

1986 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பைப் புரட்டியது. வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கலாம். ஆனால், காரை விற்றவர் வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமையையும் சேர்த்தே விற்றிருக்கிறார். அவ்வுரிமையைப் பயனற்றதாக்கும் வகையில் பதிப்புரிமையைக் கையாள முடியாது என்பது அச்சபையின் முடிவு. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கக்கூடாது என்ற பழைய நிலச்சட்டக் கோட்பாட்டைக் காருக்குப் பொருத்தினார்கள். நம் அங்குசப் பழமொழியும் அதைத்தானே சொல்கிறது!

இத்தீர்ப்பின் எல்லை பின்னர்ச் சுருங்கியது. ஹாங்காங்கிலிருந்து சென்ற நகலெடுக்கும் இயந்திர மைப்பேழை வழக்கொன்றில், 1997 இல் பிரிவி கவுன்சில் இக்கோட்பாட்டை விரித்துப் பொருள்கொள்ள மறுத்தது. ஆயினும், காரை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு என்ற கருத்து மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

புகைச் சட்டம் திறந்த கதவு

உரிமை இருந்தால் போதுமா? எண்பதுகளில் காருக்குள் கணினி நுழைந்தது. எந்த நட்டு, எந்தத் திருகு என்று கண்ணால் பார்த்தறிந்த காலம் போய், குறைபாடு ஓர் எண்ணாக மாறியது. அந்த எண்ணைப் படிக்கும் கருவி தயாரிப்பாளரிடமே இருந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வோர் இணைப்பு, ஒவ்வொரு குறியீடு.

இந்தப் பூட்டைத் திறந்தது பயனீட்டாளர் சட்டம் என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். அமெரிக்காவில் 1975 இல் வந்த மாக்னுசன் மாஸ் உத்தரவாதச் சட்டம் ஓரளவு உதவியது உண்மையே. எங்கள் பட்டறையில்தான் பழுதுபார்க்க வேண்டும், எங்கள் பாகத்தைத்தான் பூட்ட வேண்டும், இல்லையேல் உத்தரவாதம் செல்லாது என்று பொதுவாக நிபந்தனை விதிக்கக்கூடாது என்றது அச்சட்டம். ஆனால் கணினிக் குறியீட்டைத் தரும்படி அது சொல்லவில்லை. அக்கதவைத் திறந்தது காற்றுத் தூய்மைச் சட்டம்!

1990 இல் அமெரிக்கா தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியது. காரின் புகை அளவு கூடினால் அதைக் காரே கண்டறிந்து சொல்ல வேண்டும். அச்செய்தியைப் படிக்கும் வழி எல்லாக் கார்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புகை தொடர்பான பழுதுகளைச் சரிசெய்வதற்கான தகவல் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று விதித்தது. அதன் விளைவாக, 1996 முதல் அங்கு விற்பனையான கார்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே பதினாறு ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இடம்பெற்றது. நம் ஊர்ப் பட்டறைகளில் சிறு கருவி ஒன்றைச் செருகிக் குறைபாட்டு எண்ணைப் படிக்கிறார்களே, அந்த இணைப்புத்தான். அரசாங்கம் சிந்தித்தது நகரத்துக் காற்றைப் பற்றி. பிழைத்துக்கொண்டது சிறு பட்டறை.

ஐரோப்பாவிலும் இதே கதை. வெளிப் பட்டறைகளுக்குப் பழுதுபார்ப்புத் தகவலைத் தர வேண்டும் என்ற விதி, 2007 ஆம் ஆண்டின் புகைக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறையில்தான் இடம்பெற்றது.

ஆக, 1986 இல் நீதிமன்றத்தில் வென்றதும் புகைக்குழாய். 1990 இலும் 2007 இலும் சட்டத்தில் கதவைத் திறந்ததும் புகை. இப்போது மின்சாரக் காரின் பின்புறம் சென்று பாருங்கள். அங்குப் புகைக்குழாய் இல்லை.

புகையில்லாத காருக்கு அமெரிக்கப் புகைச் சட்டத்தின் கண்டறிதல் விதிகள் பொருந்தவில்லை. டெஸ்லாவின் மூன்றாம் மாடல் காரில் அந்தப் பழைய பொது இணைப்பு இல்லாமற்போனதற்கு இடம் தந்தது இந்த இடைவெளிதான். காற்றைத் தூய்மையாக்க வந்த கார், காற்றுக்காக எழுதப்பட்ட சட்டம் போகிற போக்கில் கொடுத்திருந்த உரிமையை வெளியே நிறுத்திவிட்டது. எவரும் திட்டமிட்டுப் பறித்ததாகத் தெரியவில்லை. உரிமையை உரிமை என்று பெயரிட்டு எழுதிவைக்காததன் விளைவு இது.

வாடகைக்கு மட்டும்

மின்சாரக் காருக்கு இன்னொரு பழைய பழக்கமும் உண்டு: தயாரித்தவர் கையை விட்டு முழுமையாகப் போகாத பழக்கம்.

1897 இல் நியூயார்க் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. அவற்றை நடத்திய நிறுவனம் வண்டியை மக்களுக்கு விற்கவில்லை. ஓட்டத்தை மட்டுமே விற்றது. கனத்த மின்கலங்களை நிலையத்தில் வைத்தே இயந்திரத்தால் கழற்றி, மின்னேற்றியதைப் பூட்டி அனுப்பினார்கள். அத்தொழில் நீடிக்கவில்லை, நிறுவனம் 1907 இல் நொடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஃபோர்டின் டி மாடல் பெட்ரோல் கார், விற்பனைக்கென்றே செய்யப்பட்டது. அதனுடன் வந்த கையேடு வினா விடை வடிவில் அமைந்திருந்தது. குடியானவர்கள் அதைப் படித்துத் தம் கொட்டகையிலேயே காரைச் சீர்செய்தார்கள்.

தொண்ணூறுகளில் மின்சாரக் கார் மீண்டும் வந்தது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 1990 இல் புகையில்லாக் கார்களை விற்க வேண்டும் என்று விதித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996 இல் இவி1 என்ற அழகிய காரை வெளியிட்டது. மொத்தம் 1,117 கார்கள். ஒன்றுகூட விற்கப்படவில்லை, எல்லாம் மாத வாடகைக்கே. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை.

2003 இல் நிறுவனம் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. ஓட்டியவர்கள் கெஞ்சினார்கள், பணம் தருகிறோம் என்றார்கள், பழுதானால் எங்கள் பொறுப்பு என்றார்கள். உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து வழங்க இயலாது, பாதுகாப்புக்கு உறுதி கூற முடியாது என்பது நிறுவனத்தின் மறுமொழி. 2005 இல் பர்பேங்க் நகரில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த எழுபத்தெட்டுக் கார்களைக் காக்க மக்கள் இரவுபகலாகக் காவல் இருந்தார்கள். பயனில்லை. பெரும்பாலான கார்கள் நசுக்கப்பட்டன. அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போன சிலவும் இயங்காதபடி செய்யப்பட்டன. இதைப் பற்றி 2006 இல் ஓர் ஆவணப்படமும் வந்தது.

அதே கலிபோர்னியாவில், அதே காலத்தில், டொயோட்டா தன் ராவ்4 மின்சாரக் கார்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தனியாருக்கு விற்றது. அவற்றுள் பல, உரிமையாளர்களின் பராமரிப்பில் ஒரு லட்சம் மைலையும் தாண்டி ஓடின. இரு கார்களின் தலைவிதியையும் பிரித்தது தொழில்நுட்பமா, விற்பனைச் சீட்டா என்று மாணவர்களிடம் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஐரோப்பாவில் ரெனோ நிறுவனம் 2012 இன் இறுதியில் வெளியிட்ட ஸோயி காரில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். கார் உங்களுடையது, மின்கலம் மாத வாடகை. வாடகை நின்றால் தொலைவிலிருந்தே மின்னேற்றத்தைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு இருந்தது. காரின் விலையைக் குறைக்க இது நல்ல உத்தி என்பதை மறுக்கவில்லை. மின்கலம் தேய்ந்தால் கவலை நிறுவனத்துக்கே. ஆனால் வாசலில் நிற்கும் கார் ஓடுமா ஓடாதா என்பதை முடிவுசெய்யும் கை வேறெங்கோ இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பூட்டு

இன்று அந்தக் கைக்கு வாடகை ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. மென்பொருள் போதும்.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை இர்மா புயல் தாக்கவிருந்தது. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். டெஸ்லா நிறுவனம், சில கார்கள் கூடுதல் தொலைவு ஓடும்படி இருந்த இடத்திலிருந்தே செய்துகொடுத்தது. எப்படி? அக்கார்களில் பெரிய மின்கலமே பொருத்தப்பட்டிருந்தது. குறைந்த விலைக்கு வாங்கியவர்களுக்கு அதன் ஒரு பகுதியை மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. ஆபத்தில் அப்பூட்டைத் தற்காலிகமாகத் திறந்தார்கள். நல்ல செயல்தான், பலர் நன்றி கூறினார்கள்.

திறக்கும் கை பூட்டவும் செய்யும். 2019 இல் அதே நிறுவனம் அனுப்பிய மென்பொருள் மேம்பாடு ஒன்று, சில எஸ் மாடல் கார்களின் மின்கல மின்னழுத்தத்தைக் குறைத்தது. ஓடும் தொலைவு சுருங்கியது. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 இல் 1,743 கார்களுக்கென 15 லட்சம் டாலர் இழப்பீடு தர உடன்பாடு ஏற்பட்டது. ஒருவருக்கு 625 டாலர்.

அதே 2021 இல் இன்னொரு நிகழ்ச்சி பரவலாகப் பேசப்பட்டது. சாலையில் கிடந்த பொருள் மோதி, ஒரு டெஸ்லா காரின் மின்கலப் பெட்டியில் குளிர்நீர் செல்லும் இணைப்பின் சிறு முனை உடைந்தது. மின்கலப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும், 16,000 டாலர் ஆகும் என்று நிறுவனத்தின் சேவை மையம் சொன்னதாம். காரை ஓட்டியவர் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தனியார் பட்டறைக்குச் சென்றார். உடைந்த முனையை வெட்டி, பித்தளை இணைப்பு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். கட்டணம் 700 டாலர். பழுதுபார்ப்புக்குப் போட்டி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டுவதில்லை.

வாக்குச்சீட்டில் வந்த கேள்வி

இந்நிலையை எதிர்த்துச் சட்டம் கேட்டவர்களில் முன்னே நின்றது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 2012 நவம்பரில் அங்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. தயாரிப்பாளர் தம் முகவர்களுக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலை உரிமையாளருக்கும் வெளிப் பட்டறைக்கும் தர வேண்டுமா என்பது கேள்வி. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். 2014 இல் கார் தயாரிப்பாளர் சங்கங்கள் நாடு முழுவதற்கும் அதே ஏற்பாட்டை உடன்படிக்கையாக ஏற்றன. டெஸ்லா அதில் கையொப்பமிடவில்லை. தன் பழுதுபார்ப்புக் கையேட்டை அந்நிறுவனம் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தவருக்கு மட்டுமே வழங்கியது. சட்டம் இருந்த இடத்தில் கையேடு கிடைத்தது. பிற்காலத்தில்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டது.

ஆனால் 2012 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கம்பியில்லா வழியில் கார் தன் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கவில்லை. மின்சாரக் கார்களின் பேச்சோ பெரும்பாலும் அவ்வழியில்தான். ஆகவே 2020 இல் மீண்டும் வாக்கெடுப்பு. 75 விழுக்காட்டினர் ஆதரவு. உடனே தயாரிப்பாளர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2023 ஜூனில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே, இச்சட்டத்தைப் பின்பற்ற வேண்டாம் என்று நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆகஸ்டில் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. 2025 பிப்ரவரியில் நடுவண் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மக்கள் வாக்களித்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. இதற்கிடையில் 2023 இல் மெய்ன் மாநில மக்களும் 84 விழுக்காட்டு ஆதரவோடு இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

ஐரோப்பா, புகை ஒழுங்குமுறையில் இருந்த தகவல் விதியை 2018 இல் பொதுவான வாகன ஒப்புதல் சட்டத்துக்கு மாற்றியது. 2020 செப்டம்பரிலிருந்து அது நடப்பில் உள்ளது. உரிமையைப் புகையிடமிருந்து பிரித்து, அதற்கென ஓர் இடம் கொடுத்த செயலாக இதை நான் பார்க்கிறேன். 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்சாரக் கார் மின்கலத்துக்கும் எண்மக் கடவுச்சீட்டு ஒன்று வேண்டும் என்றும் ஐரோப்பா விதித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் கார் தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்புத் தகவலை நியாயமான விலையில் வெளிப் பட்டறைகளுக்கு விற்க வேண்டும். கலிபோர்னியாவும் 2022 இல், மின்சாரக் கார்களின் பழுதுபார்ப்புத் தகவலையும் மின்கலத்தின் நலத்தையும் வெளிப்படுத்த வேண்டும் என்று 2026 மாடல் கார்களிலிருந்து விதித்தது. ஆனால் அவ்விதிகளுக்கான அனுமதியை அமெரிக்க நடுவண் அரசு 2025 ஜூனில் நீக்கியது. உரிமை ஒருமுறை எழுதப்பட்டால் நிலைத்துவிடும் என்று எண்ணிவிட முடியாது.

தயாரிப்பாளர் சொல்வதிலும் உண்மை உண்டு

மாணவர் விவாதத்தில் இரு பக்கமும் பேசக் கற்பிக்கும் நாம், இங்கும் அதைச் செய்ய வேண்டும்.

மின்சாரக் காரின் மின்கல அடுக்கில் ஏறத்தாழ 400 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும், சிலவற்றில் 800. பயிற்சியில்லாதவர் கைவைத்தால் உயிர் போகும். தவறாகப் பிரித்த மின்கலம் தீப்பற்றும். கணினி வழியும் அச்சம் உண்டு. 2015 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரை இணைய வழியே தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். அதையடுத்து 14 இலட்சம் வாகனங்கள் மென்பொருள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. கதவை எல்லாருக்கும் திறந்தால் திருடனும் நுழைவான் என்கிறார்கள்.

இதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் வீட்டு மின்கம்பிகளிலும் ஆபத்து உண்டு; அதற்காக மின்வாரியம் மட்டுமே விளக்கு மாற்ற வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. பயிற்சி தருகிறோம், தேர்வு வைக்கிறோம், உரிமம் வழங்குகிறோம். பல துறைகளிலும் பழுதுபார்ப்புத் தடைகளை ஆராய்ந்த அமெரிக்க வணிக ஆணையம், தயாரிப்பாளர்கள் கூறும் காரணங்களுக்குப் போதிய சான்றில்லை என்று 2021 மே மாத அறிக்கையில் தெரிவித்தது. ஆபத்து என்பது கற்பிக்க வேண்டியதற்குக் காரணம், மறைப்பதற்குக் காரணமாகாது. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

நம் நாட்டில்

மலேசியாவிலும் மின்சாரக் கார் இனி அயலார் பொருளில்லை. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரோடுவாவும் வெளியிட்டது, மின்கலத்தை மாதக் கட்டணத்துக்கு விடும் ஏற்பாட்டோடு. 1897 இன் நியூயார்க் வண்டியும் 2012 இன் ஸோயியும் நினைவுக்கு வருகின்றன. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது அதன் எழுத்துகளைப் படித்த பிறகு ஒவ்வொரு குடும்பமும் முடிவுசெய்ய வேண்டியது.

நமக்கு 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 37 ஆம் பிரிவு பலர் அறியாதது. விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பவரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அதே சமயம், அவ்வாறு செய்ய மாட்டோம் என்று விற்பனைக்கு முன்பே பயனீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டால் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள இடமும் இருக்கிறது. ஆகவே கையொப்பமிடும் முன் சிறிய எழுத்துகளையும் படித்தாக வேண்டும். குறை இருந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுசெல்லலாம்.

ஆனால், பழுதுபார்க்கும் வசதி கிடைக்க வேண்டும் என்பது வேறு. அதை நான் விரும்பும் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்பது வேறு. முதலாவது நம் சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதை 37 ஆம் பிரிவு சொல்லவில்லை.

மின்சாரக் கார் வாங்க எண்ணும் பெற்றோர், விற்பனையாளரிடம் நான்கு கேள்விகளையாவது கேளுங்கள். மின்கலம் என்னுடையதா, வாடகையா? அதன் நலத்தை நானே பார்த்தறிய முடியுமா? ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் மாற்றுவீர்களா, முழு அடுக்கையும் மாற்றச் சொல்வீர்களா? வெளிப் பட்டறை பூட்டிய பாகத்தைக் கார் ஏற்குமா? விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது காசைப் பற்றிய கவலை மட்டுமன்று. நம் பிள்ளைகளில் எல்லாரும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆவதில்லை. கைத்திறனை நம்பி வாழும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நம்மவரில் எத்தனையோ பேர் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது பட்டறைத் தொழில்தான் கைகொடுத்தது. அந்தக் கதவு சத்தமில்லாமல் சாத்தப்படுகிறதா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலையும்தான்.

கட்டுரையை முடிக்கும் முன் அந்த மாணவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மையாரின் கார் மூன்று வாரம் கழித்துத் திரும்பியதாம். அவன் மாற்றிய பாகத்தை அவர்கள் கழற்றவே இல்லை. கணினியில் ஒப்புதல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பழுதுபார்த்ததற்கு அவன் வாங்கிய கூலியைவிட இழுவை லாரிக் கூலியே அதிகம். உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கு வார இறுதிகளில் சென்றுகொண்டிருப்பதாகச் சொன்னான். “படிச்சு வைக்கிறேன் டீச்சர். என்னைக்காவது தொறந்து விடுவாங்கல்ல?” என்று கேட்டான்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் நிலைமை எப்படி? மின்சாரக் கார் வைத்திருப்போர் தம் அனுபவத்தை மறுமொழியில் எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

மீண்டும் சந்திப்போம்.
அன்புடன்.